ரசமட்டத்தின் உள்ளங்கால்

வேலை நடக்கிற இடத்தில் அவனை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. ரசமட்டம் என்பது நாங்கள் தரையின் மட்டம் பார்க்கிற கருவி. கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடும், அது நடுவில் நின்றால் மட்டம் சரி. எங்கள் ஆளும் அதை வைத்துப் பார்ப்பான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பார்த்துவிட்டு ஓரமாகப் போட்டுவிடுவான். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒட்டிக் காய்ந்த டைல்ஸ் மேல் வெறுங்காலோடு ஒரு நடை நடப்பான். அவசரமே இருக்காது. கண்ணைக்கூடப் பாதி மூடிக்கொள்வான். ஒரு டைல் பக்கத்து டைலைவிட அரை நூல் (எங்கள் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல்) தூக்கியிருந்தாலும் அந்த இடத்தில் கால் நின்றுவிடும். "மச்சான், இது எந்திரிச்சு உக்காந்திருக்கு, படுக்க வை" என்பான். குமிழி காட்டாததை அந்த உள்ளங்கால் காட்டிக் கொடுத்துவிடும். இருபத்தோரு வருடமாக நான் பக்கத்தில் நின்று பார்த்தது இது.

மச்சான் என்று அவன் கூப்பிடுவது சும்மா இல்லை. என் தங்கையைத்தான் கட்டியிருக்கிறான். முதலில் கூட வேலை செய்கிறவன், மாப்பிள்ளை ஆனது அதற்கப்புறம். அதனால் 'அவர்', 'வந்தார்', 'போனார்' என்று வாய் நிறையச் சொல்ல எனக்கு வராது. தங்கை பல தடவை முறைத்திருக்கிறாள். முறைத்தாலும் வரவில்லை, என்ன செய்ய?

தலையில் எப்போதும் ஒரு துண்டு கட்டியிருப்பான். தூசுக்காக என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். பின்மண்டை நடுவிலிருந்து பிடரி வரைக்கும் ஒரு தழும்பு இருக்கிறது, அதை மூடத்தான் துண்டு. பதினோரு வருடத்துக்கு முன்னால் போட்ட தையல். அப்போது அவனுக்கு முப்பத்திரண்டு வயது. காலையில் எழுந்ததும் வாந்தி, நடந்தால் ஒரு பக்கமாகச் சாய்வது. விடிந்ததும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான் என்று சூப்பர்வைசர் இரண்டு தடவை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். குடிக்காதவனுக்குக் குடிகாரப் பட்டம். மூன்றாவது தடவை சாரத்துப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டான், இறங்க முடியவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் சிறுமூளையை ஒட்டி ஒரு கட்டி, கோலிகுண்டைவிடக் கொஞ்சம் பெரிது. மண்டையைத் திறந்து எடுத்தார்கள். ஆறு வாரம் தலைக்குக் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். அப்போது தங்கையின் மகளுக்கு மூன்று வயது. மொட்டைத் தலையும் கட்டுமாக வந்த அப்பாவைப் பார்த்து யாரோ என்று அழுதாள்.

அன்றைக்கு இருந்த பெரிய டாக்டர் சொன்னார், "கண்ணுக்குத் தெரிஞ்சதெல்லாம் எடுத்தாச்சு. வருஷத்துக்கு ஒரு தடவ ஸ்கேன் எடுத்துட்டு வந்து காட்டணும். நல்லா இருக்கேன்னு வராம இருந்துடாதீங்க."

ஆறு வருடம் ஒழுங்காகப் போனான். ஒவ்வொரு தடவையும் சுத்தம் என்றுதான் சொன்னார்கள். ஏழாவது வருடம் தேதி வந்தபோது பன்னிரண்டு மாடிக் கட்டிடம் ஒன்றில் மாட்டிக்கொண்டிருந்தோம். "இந்த மாசம் முடியட்டும்" என்றான். அடுத்த மாதமும் முடியவில்லை. பிறகு ஒரு நாள் டீ குடிக்கும்போது அவனே பேச்சை எடுத்தான்.

"நல்லா ஒட்டியிருக்கற டைலை எதுக்கு மச்சான் வருஷா வருஷம் தட்டிப் பாக்கணும்? தட்டித் தட்டியே கழண்டுடும்."

நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "அதானே, போனா எதையாவது கெளப்பி விடுவானுங்க" என்றும் சொன்னேன். இந்த வாய்தான் சொன்னது. அதோடு ஸ்கேன் நின்றுபோயிற்று. நாலு வருடம் யாரும் அதைப் பேசவில்லை.

போன வருடக் கடைசியில் அவனுக்கு முதுகு வலி வந்தது. எங்கள் தொழிலில் ஒருவனுக்கு முதுகு வலிக்கவில்லை என்றால் அவன் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். நாள் முழுக்க முட்டி போட்டுக் குனிந்து கிடக்கிற பிழைப்பு. அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளவில்லையே தவிர, ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பெயிண்டர் ஒரு தைலம் கொண்டுவந்தான். எலக்ட்ரீஷியன் தன்னுடைய இடுப்பு பெல்ட்டையே கழற்றிக் கொடுத்தான். மூட்டை தூக்குகிறவன், "கட்டாந்தரையில மல்லாந்து படுங்கண்ணே, ஒரே வாரத்துல போயிடும்" என்றான்.

அந்த மூன்றாவது வைத்தியம்தான் முடியவில்லை. அவனால் படுக்கவே முடியவில்லை. வேலை செய்யும்போது வலி இருக்கிற இடம் தெரியாது. படுத்தால் தோள்பட்டைக்குக் கீழே யாரோ உளி வைத்து அடிக்கிற மாதிரி இருக்கும். உழைப்பில் வருகிற வலி ஓய்வெடுத்தால் குறைய வேண்டும், இது ஓய்வில் கூடுகிறதே என்று எங்களில் ஒருத்தனுக்காவது தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை.

தங்கை போன் செய்தாள். "அண்ணா, இவர் ஒரு மாசமா நாற்காலியில உக்காந்தேதான் தூங்கறார். மேஜை மேல தலகாணிய வச்சு அதுல கவுந்துக்கறார்."

"பெரிய ஆபீசர் ஆயிட்டான்னு சொல்லு. அவங்கதான் அப்படித் தூங்குவாங்க."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் வரவில்லை. "ஒரு தடவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஸ்கூட்டரில் ஏற்றி ஓர் எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல மனிதர். குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார், முதுகெலும்பை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். "இதுக்கு முன்னாடி ஏதாவது ஆபரேஷன், பெரிய வியாதி உண்டா?" என்று கேட்டார்.

"முதுகுலயா? ஒண்ணும் இல்ல சார்" என்றான், தலையில் துண்டோடு உட்கார்ந்துகொண்டு.

டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் இல்லை என்று தலையாட்டினேன்.

நாங்கள் எதையும் ஒளிக்கவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயமாகவே எங்கள் புத்தியில் படவில்லை. கட்டிடத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. குழாய்க்காரன் கேட்டால் குழாயைப் பற்றி மட்டும் பேச வேண்டும், ஒயர்க்காரன் கேட்டால் ஒயரைப் பற்றி மட்டும். மாற்றிப் பேசினால் "அத ஏன்யா எங்கிட்ட சொல்ற, அதுக்குண்டான ஆள்கிட்ட சொல்லு" என்று விழுவான். அடுத்தவன் வேலையை இவனிடம் எடுத்துப் பேசுவது மரியாதையும் இல்லை. எலும்பு டாக்டரிடம் மண்டையைப் பற்றிப் பேசுவது எங்களுக்கு அந்த மாதிரிதான். வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது எனக்கு லேசாக உறுத்தியது.

"தலை ஆபரேஷன சொல்லியிருக்கலாமோ?"

"அது வேற டிபார்ட்மென்ட் மச்சான். வண்டிய எடு."

எடுத்துவிட்டேன். எக்ஸ்ரேயில் எலும்புத் தேய்மானம் என்றார்கள். இந்த வயதுக்கு இந்த வேலைக்கு இருப்பதுதான் என்றார்கள். மாத்திரையும் நாலு உடற்பயிற்சியும் கொடுத்தார்கள். கேட்கவில்லை என்று டாக்டரைக் குறை சொல்ல முடியாது. அவர் கேட்டார்.

நாலு மாதம் ஓடியது. அதன் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். தெருமுனைக் கடைக்குப் போய்விட்டு வந்தான். பின்னாலேயே அவன் மகள் ஒற்றைச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மாமா, இந்த அப்பாவப் பாருங்க. செருப்பு கழண்டு நடுரோட்டுல கெடக்குது, இவரு பாட்டுக்கு நடந்து வந்துட்டே இருக்கார்."

"உங்கப்பனுக்கு கார் வாங்கற யோசனை" என்றேன். எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். ஆனால் அந்தச் செருப்பை வாங்கி, காலில் போட்டு, குனிந்து பார்த்து, சரியாக மாட்டியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்தான். அது இப்போதுதான் எனக்கு நினைவு வருகிறது. அப்போது என் கண்ணுக்குத் தெரிந்தது சிரிப்பு மட்டும்தான்.

அதற்குப் பத்து நாள் கழித்து, மூன்றாவது மாடியில் நாங்கள் வேலை செய்துகொண்டிருந்த வீட்டின் சொந்தக்காரர், ஒரு டீச்சரம்மா, என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மேஸ்திரி, தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து வந்து பாத்தேன். ஹால்ல ஜன்னல் பக்கம் கால் இடறுது."

எனக்குச் சுருக்கென்றது. "இடறாதும்மா. ஒட்டினது யார்னு தெரியுமா உங்களுக்கு?"

அவர் கையிலிருந்த டார்ச்சைத் தரையில் படுக்க வைத்து எரியவிட்டார். மட்டமான தரையில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போகும். இங்கே அப்படிப் போகவில்லை. டைலுக்கு டைல் நிழல் விழுந்தது. இரண்டு வரிசை, பதினான்கு டைல். சில இடத்தில் ஒரு நூல், ஒன்றில் இரண்டு நூல் இருக்கும். வேலை பழகுகிறவன்கூட இப்படி ஒட்டமாட்டான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவன் சமையலறையில் இடுக்குக்குப் பூச்சு போட்டுக்கொண்டிருந்தான்.

"மாப்ள, இங்க வா."

வந்தான். சுவரைத் தொட்டுக்கொண்டே வந்தான்.

"இதை யாரு ஒட்டினது? ராத்திரி பேய் வந்து ஒட்டிச்சா?"

"நாந்தான் ஒட்டினேன். ஏன்?"

"நடந்து பாத்தியா?"

"பாக்காம விடுவனா?"

"இப்ப ஒரு தடவ நட. நான் பாக்கறேன்."

செருப்பைக் கழற்றினான். ஜன்னல் வரைக்கும் போனான், திரும்பினான், வந்தான். "நல்லாத்தானே இருக்கு மச்சான்."

என்னை வைத்து விளையாடுகிறான் என்று நினைத்தேன். கீழே உட்கார்ந்து அவன் இடது காலைப் பிடித்து, தூக்கிக்கொண்டிருந்த ஒரு விளிம்பின் மேல் வைத்து அழுத்தினேன். "இது தெரியல உனக்கு?"

"எது?"

அண்ணாந்து முகத்தைப் பார்த்தேன். அவன் விளையாடவில்லை. நான் எதைக் கேட்கிறேன் என்று நிஜமாகவே தேடிக்கொண்டிருந்தான். அப்போதுதான் தரையைக் கவனித்தேன். அவன் போய்வந்த வழியில் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சிவப்புப் பொட்டு. காலைத் திருப்பிப் பார்த்தால் குதிகாலில் உடைந்த டைல் சில்லு ஒன்று, விரல் நகம் அகலம், ஆழமாக ஏறி நின்றது. எப்போது ஏறியதோ. என் கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. குறடு எடுத்துப் பிடுங்கினேன். ரத்தம் குபுக்கென்று வந்தது. அவன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எடுத்துட்டியா?" என்றான். நான் எடுத்து, துடைத்து, துணி சுற்றிக்கொண்டிருந்தேன்.

டீச்சரம்மா தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார். நான் மெதுவாகக் கேட்டேன். "எத்தன நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும். மொதல்ல காலுறை போட்ட மாதிரி இருந்துச்சு. சிமெண்டு தின்னு தோல் தடிச்சுப்போச்சுன்னு நெனச்சேன். அப்புறம் மேல ஏறிச்சு. இப்ப முட்டி வரைக்கும்."

"ஏண்டா சொல்லல?"

"ரசமட்டத்துக்குக் கால் செத்துப்போச்சுன்னு நானே ஊர்ல சொல்லிக்கிட்டுத் திரியணுமா?" என்றான். பிறகு குரலை இறக்கினான். "இன்னொண்ணு இருக்கு மச்சான். மூணு நாளா ஒண்ணுக்குப் போக நின்னா வரமாட்டேங்குது. ரொம்ப நேரம் நிக்கறேன். உன் தங்கச்சிகிட்ட சொல்லிடாத."

இத்தனை வருடத்தில் அவன் என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை.

நான் சொல்லத் தேவையே இருக்கவில்லை. சாயங்காலம் அவனைத் தாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்ததும் தங்கை காலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், அடுப்பை அணைத்தாள். நாற்காலி போட்டு ஏறி, பீரோ மேலிருந்து ஒரு பெரிய உறையை இறக்கினாள். பழைய தலை ஸ்கேன் எல்லாம் அதில் இருந்தது. அவ்வளவு வருடத் தூசி.

"அந்த எலும்பு டாக்டர்கிட்ட இதச் சொன்னீங்களா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"அண்ணா, உன்னைத்தான் கேக்கறேன். நீயும் பக்கத்துலதானே உக்காந்திருந்த?"

"அது தலை, இது முதுகுன்னு…"

"தலை வேற ஆளுது, முதுகு வேற ஆளுதா? ஒரே மனுஷன்தானே!" என்று கத்தினாள். என் தங்கை கத்தி நான் கேட்டதில்லை. மகள் பாடப் புத்தகத்தோடு உள்ளறை வாசலில் வந்து நின்றாள். தங்கை உடனே குரலை அடக்கிக்கொண்டு, முந்தானையால் உறையைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை பழைய ஆஸ்பத்திரிக்கே போனோம். அந்தப் பெரிய டாக்டர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். அவர் இடத்தில் ஒரு லேடி டாக்டர், முப்பத்தைந்து வயது இருக்கலாம். அவர் முதலில் செய்த வேலை துண்டைக் கழற்றச் சொன்னது. தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, அவனைப் படுக்க வைத்தார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தான்.

"கண்ணை மூடிக்கோங்க. உங்க கட்டைவிரலை நான் மேலயோ கீழயோ மடக்குவேன். எந்தப் பக்கம்னு சொல்லுங்க."

"மேல."

கீழேதான் மடக்கியிருந்தார்.

"இப்ப?"

"கீழ… இல்ல, மேல."

அவர் விரலைத் தொடவே இல்லை. என் பக்கத்தில் நின்ற தங்கை என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு எழுந்து கால்களைச் சேர்த்து நிற்கச் சொல்லி, மறுபடியும் கண்ணை மூடச் சொன்னார். மூடிய அடுத்த நொடி அடிமரம் வெட்டின மாதிரி என் மேல் சாய்ந்தான். கண்ணைத் திறந்திருக்கும்வரை கண்தான் அவனை நிறுத்தி வைத்திருந்தது. கால் எங்கே இருக்கிறது என்பதே காலுக்குத் தெரியவில்லை.

டாக்டர் சிரித்த முகமாகத்தான் இருந்தார். ஆனால் எழுதுகிற வேகம் மாறிவிட்டது. "இன்னைக்கே முதுகுத்தண்டு முழுசும், தலையும் சேத்து ஸ்கேன் எடுக்கணும். நாளைக்கு இல்ல, இன்னைக்கு."

ஒரு மணி நேரம் அசையாமல் மல்லாந்து படுக்க வேண்டும் என்றார்கள். ஐந்து மாதமாகப் படுக்காத ஆள். ஊசி போட்டு உள்ளே தள்ளினார்கள். கதவுக்கு வெளியேகூட அந்த மிஷினின் சத்தம் கேட்டது, கான்கிரீட்டை உடைக்கிற மாதிரி. திரும்பி வரும்போது முகம் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்திருந்தது. "உள்ள பழைய பில்டிங் ஏதோ இடிக்கறானுங்க மச்சான்" என்றான். சிரிக்கப் பார்த்தேன், வாய் கோணிக்கொண்டது.

மத்தியானம் டாக்டர் தன் அறையில் படத்தைக் காட்டினார். கறுப்பில் நீளமாக ஒரு சாம்பல் கயிறு, அதுதான் தண்டுவடம். அதன் ஓரமாக மேலிருந்து கீழ்வரை வெள்ளை வெள்ளையாய்ப் பொட்டுகள், நூலில் மணி கோத்த மாதிரி. நடு முதுகில் ஒன்று மட்டும் பெரிது. அந்த இடத்தில் கயிறு நசுங்கிக் காகிதம் மாதிரி ஆகியிருந்தது.

"தலையில திரும்ப வந்திருக்கா?" என்று தங்கை கேட்டாள்.

"தலையில ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு."

"தலையில ஒண்ணும் இல்லைன்னு கல்யாணம் ஆன புதுசுலயே இவ சொல்லிட்டா டாக்டர்" என்றான் அவன். அந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை. டாக்டர் ஒரு நொடி சிரித்துவிட்டு, நாற்காலியை அவன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மூளையைச் சுத்தியும் தண்டுவடத்தைச் சுத்தியும் இருக்கறது ஒரே தண்ணி. அது மேலயும் கீழயும் போய்வந்துட்டு இருக்கும். அன்னைக்கு அந்தக் கட்டியிலேருந்து கண்ணுக்கே தெரியாத அணு ஒண்ணு ரெண்டு அந்தத் தண்ணில எறங்கியிருக்கு. இத்தன வருஷம் ஒரு மூலையில சும்மா கெடந்திருக்கு. இப்ப வளந்திருக்கு. ரொம்பப் பேருக்கு இப்படி ஆகறதில்ல. ஆனா ஆகும்."

எனக்கு ஒன்றும் ஏறவில்லை. அவனுக்கு உடனே ஏறிவிட்டது. "மாடி பாத்ரூம்ல ஒழுகினா கீழ் வீட்டு ஹால் சுவத்துலதான் ஓதம் தெரியும். நாங்க மாடிக்குத்தான் போய்ப் பாப்போம்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "நமக்கே தெரிஞ்ச வேலை மச்சான், நம்ம விஷயத்துல கோட்ட விட்டுட்டோம்" என்றான்.

டாக்டர் மறைக்காமல் சொன்னார். நசுக்குகிற பெரியதை நாளைக்கே எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் இரண்டு காலும் போய்விடும். எடுத்தாலும் போன உணர்ச்சி திரும்பி வரும் என்று உறுதி இல்லை. சின்னச் சின்னதாக இருப்பவற்றில் கத்தி வைக்க முடியாது, முதுகு முழுக்கக் கரண்டு வைக்க வேண்டும். அதற்குப் பிறகும் வராது என்று யாரும் எழுதித் தர முடியாது.

அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "நடப்பனா?"

"அத ஆபரேஷனுக்கு அப்புறம் உங்க கால்தான் சொல்லணும்."

வெளியே நடையில் நான் டாக்டரை மடக்கினேன். "நாலு மாசம் முன்னாடி எலும்பு டாக்டர்கிட்ட இந்தத் தலை விஷயத்த சொல்லியிருந்தா?"

அவர் நினைத்திருந்தால் பொய் சொல்லியிருக்கலாம். "சொல்லியிருந்தா அவர் அன்னைக்கே ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பார். அப்ப இது சின்னதா இருந்திருக்கும்" என்றார். பிறகு என் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தத் தோள் அன்று முழுவதும் எனக்குச் சுமையாகவே இருந்தது.

ஆபரேஷன் ஆறரை மணி நேரம். தங்கையும் நானும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றோம். யாரோ பக்கெட் எடுத்துக்கொண்டு வருவார்கள், உட்கார்ந்துகொள்வோம். எனக்கு அவன் செத்துப்போவான் என்ற பயம்கூட அவ்வளவு இல்லை. கண்ணை விழித்து, போர்வைக்கு அடியில் தன் காலைத் தேடி, அது கிடைக்காமல் என்னைப் பார்ப்பானே, அந்தப் பார்வைக்குத்தான் பயந்தேன். தங்கை என்னிடம் பேசவில்லை. மூன்றாவது மணி நேரத்தில் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து, பாதியை உடைத்து என் கையில் வைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "சாப்பிடு, நீ வேற விழுந்து வைக்காத" என்றாள்.

பெரியதை எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை வலது கால் கட்டைவிரல் அசைந்தது. கொஞ்சம்தான், மண்புழு நெளிகிற மாதிரி. இடது கால் யாருடையதோ போலக் கிடந்தது. டாக்டர், "மூணு மாசம் வரைக்கும் வரலாம். அதுக்குள்ள எதையும் முடிவு பண்ண வேண்டாம்" என்றார்.

முதுகு வலி போய்விட்டது. மல்லாந்து படுத்துத் தூங்குகிறான். அதைப் பார்த்துத் தங்கை சந்தோஷப்பட்டாள். நானும் பட்டேன், ஐந்து நிமிடம்.

நாலாவது நாள் தங்கை குளிக்க வீட்டுக்குப் போயிருந்தபோது என்னைக் கூப்பிட்டான். "மச்சான், கதவச் சாத்து. நான் கண்ண மூடிக்கறேன். நீ ஏதாவது ஒரு விரலத் தொடு. நான் எந்த விரல்னு சொல்றேன்."

"எதுக்குடா அதெல்லாம்? டாக்டர் பாத்துக்குவாங்க."

"டாக்டர் பாக்கறது அவங்களுக்கு. எனக்குத் தெரியணும்."

தொட்டேன். இடது கால் சுண்டுவிரல்.

"வலது, நடுவிரல்."

"கரெக்ட்டு!" என்றேன்.

மறுபடி தொட்டேன். மறுபடி தப்பு. மறுபடியும் கரெக்ட்டு என்றேன். ஐந்து தடவை தொட்டு ஐந்துக்கும் கரெக்ட்டு சொன்னேன். குரலில் உற்சாகத்தைக் கொஞ்சம் தூக்கலாகவே போட்டுவிட்டேன் போலிருக்கிறது. ஆறாவது தடவை நிமிர்ந்து பார்த்தால் அவன் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

"நீ இப்ப எதையுமே தொடல மச்சான்."

எனக்குத் தலை நிமிரவில்லை.

"அந்த எலும்பு டாக்டர்கிட்ட தலையாட்டின மாதிரி எங்கிட்டயும் ஆட்டாத. உன்ன விட்டா எனக்கு நிஜம் சொல்ல ஆள் இல்ல. அவ அழுவா. பாப்பா சின்னப் பொண்ணு. தப்புன்னா தப்புன்னு சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டான். பத்துத் தடவை ஒழுங்காகத் தொட்டேன். ஒவ்வொன்றுக்கும் உள்ளதைச் சொன்னேன். தப்பு. தப்பு. சரி. தப்பு. என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. பத்தில் மூன்று சரி, மூன்றும் வலது காலில்.

"குருட்டாம்போக்குல சொன்னாலே அவ்வளவு வரும்" என்றான். பிறகு, "பரவாயில்ல. நாளைக்கும் தொடு" என்றான்.

அடுத்த நாள் நாலு. அதற்கடுத்த நாள் ஐந்து, அதில் ஒன்று இடது காலில். அன்று அவன் தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. அதற்கடுத்த நாள் திரும்பவும் மூன்று. வீக்கம் ஏறி இறங்கும், அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

தையல் ஆறியதும் அடுத்த வாரம் கரண்டு ஆரம்பிக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன் என்று தங்கை காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறாள். இந்த வருடம் முடிந்து, அடுத்த வருடக் காலண்டர் வாங்கியதும் அதிலும் போடுவாளாம். நேற்று இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க நாலு அடி நடந்தான், காலைக் குனிந்து பார்த்துக்கொண்டே. பார்வையை எடுத்தால் கால் மடங்கிவிடுகிறது.

தினமும் சாயங்காலம் நாலு மணிக்குக் கதவைச் சாத்துகிறேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிறான். நான் விரலை நீட்டிவிட்டு, இடது காலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அப்படியே வைத்துக்கொண்டு நிற்கிறேன். இறக்க மனம் வருவதில்லை. "தொட்டுட்டியா மச்சான்?" என்கிறான்.

"இன்னும் இல்லடா" என்கிறேன். அது நிஜம்.